அழிக்கும் உரிமை இரண்டு பேருக்கு

என்னோடு பத்தாவது பரீட்சை எழுதியவர்கள் இப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருப்பீர்கள். சிலர் மாத்திரை டப்பாவில் கிழமை எழுதி வைக்கவும் தொடங்கியிருப்பீர்கள். இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். டெலிபோன் ஒயர் வழியாக இன்டர்நெட் வந்த காலத்தை நம் பிள்ளைகளுக்கு விளக்குவதற்குள் அவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். மோடம் கத்துகிற சத்தம் உங்கள் காதில் இன்னும் இருக்கும்.

இண்டூரில் பஸ் நிறுத்தத்தை ஒட்டி என் சித்தப்பாவுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. அவர் என் அப்பாவின் தம்பி. பெயருக்குத்தான் கடை அவருடையது. அவர் மோட்டார் ரிப்பேருக்கு ஊர் ஊராகப் போய்விடுவார். கடையை நடத்தியது சித்தி. பி.எஸ்சி. கணக்கு படித்தவள். கம்ப்யூட்டரைத் தானாகவே தட்டித் தட்டிப் பழகிக்கொண்டாள். கல்யாணமாகிப் பதிமூன்று பதினான்கு வருடம் ஆகியும் குழந்தை இல்லை. ஜெராக்ஸ் எடுக்க வருகிற பெண்கள் தாள் வெளியே வருவதற்குள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் போனதில்லை.

பத்தாவது முடித்த அந்த விடுமுறையில் நான் காலையில் கடைக்குப் போனால் மாலைதான் வீடு திரும்புவேன். சூடான டோனர் வாசனையும், பக்கத்து மண்டியிலிருந்து வரும் மாம்பழ வாசனையும் கலந்து தலை கிறுகிறுக்கும். விரல் நுனியில் எப்போதும் கறுப்பு மை.

ஒருநாள் பிரின்டர் நின்றுவிட்டது. தருமபுரியிலிருந்து மெக்கானிக் வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். இன்டர்நெட்டில் பலரும் கேட்டுப் பதில் சொல்லிக்கொள்ளும் ஏதோ ஒரு வெளிநாட்டு ஃபோரத்தில் சித்தி தப்பும் தவறுமான இங்கிலீஷில் கேள்வி எழுதிப் போட்டாள். பத்து நிமிடத்தில் யாரோ முகம் தெரியாத ஒருவர் பதில் எழுதினார். பிரின்டர் ஓடியது. சித்தி வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாரேன், கேட்டா பதில் சொல்றாங்க. நம்மூர்ல எதைக் கேட்டாலும் பதிலுக்கு, இன்னும் விசேசம் இல்லியான்னு நம்மளயே கேக்கறாங்க. நம்ம ஊருக்கும் இப்படி ஒண்ணு போடலாமா?"

கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த சி.டி.யில் ஃபோரம் மென்பொருள் இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், காசு வேண்டாம் என்று எழுதியிருந்தது. சித்தியால் அதை நம்ப முடியவில்லை. "சும்மா குடுக்கறவங்க எங்கியாவது கையெழுத்து கேட்டிருப்பாங்க, நல்லா படி" என்றாள். நான் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். கையெழுத்து எங்கும் கேட்கவில்லை.

இலவசமாக இடம் தரும் ஒரு தளத்தில் பதிவு செய்தோம். சி.டி.யில் சுருக்கி வைத்திருந்த ஜிப்பைப் பிரித்தால் நூற்றுக்கணக்கில் கோப்புகள். அத்தனையையும் டெலிபோன் ஒயர் வழியே ஏற்ற இரண்டு நாள் பிடித்தது. நடுவில் யாராவது கடைக்கு போன் பண்ணினால் இணைப்பு அறுந்துவிடும். எது ஏறியது, எது ஏறவில்லை என்று நோட்டில் டிக் அடித்து மறுபடி தொடங்குவோம். டேட்டாபேஸ் பெயர் என்று கேட்ட இடத்தில் சித்தி தன் பெயரைப் போட்டாள். பாஸ்வேர்டு கேட்ட இடத்தில் டேட்டாபேஸ் பெயரைப் போட்டாள். நாலைந்து தடவை சிவப்பு எழுத்தில் திட்டு வாங்கிய பிறகு, ஒரு மத்தியானம் எல்லாம் சரியாகி, கடைசியாக ஒரு வரி வந்தது. நிறுவுவதற்குப் பயன்பட்ட ஃபோல்டரை இப்போது அழித்துவிடு, அதுவரை ஃபோரம் திறக்காது என்று.

"ரெண்டு நாளு மாடு மாதிரி ஏத்துனத அழிக்கச் சொல்றானே" என்று சித்தி மவுசைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டாள். நான்தான் அழித்தேன். எனக்குப் பயமே இல்லை.

ஃபோரம் திறந்தது. நீலப் பட்டை, வெள்ளைப் பின்னணி, மேலே ஆங்கிலத்தில் ஊர்ப் பெயர், அதன் பக்கத்திலேயே சித்தி ஆசையாகத் தமிழில் 'இண்டூர்' என்று போட்ட பட எழுத்து. உள்ளே பகுதிகள் பிரித்தோம். மழை-விவசாயம், வேலை, பழைய போட்டோ, சும்மா பேசலாம். சித்தி அட்மின். நான் மாடரேட்டர். யார் எழுதியதை வேண்டுமானாலும் திருத்தவும் அழிக்கவும் உரிமை எங்கள் இரண்டு பேருக்கு மட்டும். ஊர்க்காரர்களுக்கு இமெயில் வைத்துப் பதிவு செய்யத் தெரியாது என்பதால், பதிவு செய்யாத விருந்தினரும் எழுதலாம் என்று சித்தி கதவைத் திறந்து வைத்தாள்.

பெங்களூரில் கம்பெனி வேலைக்குப் போன பையன்கள் முதலில் வந்தார்கள். பிறகு ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருவர். தூரத்து உறவில் எங்களுக்கு ஒரு மாமா பெங்களூரில் இருந்தார். அவர் தினமும் வந்து ஊரில் மழையா என்று கேட்பார். எல்லோரும் இங்கிலீஷ் எழுத்தில்தான் தமிழ் எழுதினார்கள். அதனால் ஃபோரத்தில் ஒரு கோளாறு இருப்பது எங்களுக்குத் தெரியவே இல்லை.

ஒரு காலை 'சும்மா பேசலாம்' பகுதியில் விருந்தினர் ஒருவரின் பதிவு இருந்தது. நீளமான பதிவு. அத்தனையும் கேள்விக்குறி. வரிவரியாக, பத்தி பத்தியாக, நடுவில் இடைவெளி விட்டு, கேள்விக்குறிகள். எனக்குச் சிரிப்பு வந்தது. சித்தி சிரிக்கவில்லை.

"இது விளையாட்டு இல்ல. பாரு, வார்த்த வார்த்தயா பிரிஞ்சிருக்கு. யாரோ தமிழ்ல அடிச்சிருக்காங்க. நம்மளுதுதான் வாங்கிக்கல."

அந்த மென்பொருளைச் செய்தவர்களின் ஃபோரத்திலேயே போய்க் கேட்டோம். டேட்டாபேஸில் எழுத்து வகையை மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். மாற்றினோம். இனி வருவது ஒழுங்காக வரும், ஏற்கெனவே கேள்விக்குறி ஆனது ஆனதுதான், திரும்பாது என்றும் சொன்னார்கள். சித்தி அந்தப் பதிவுக்குக் கீழே தமிழில் எழுதினாள்: 'நீங்கள் எழுதியது எங்கள் தவறால் அழிந்துவிட்டது. மன்னிக்கவும். மறுபடி எழுதுங்கள்.'

மூன்றாம் நாள் பதில் வந்தது. அதை நான் அப்போது எத்தனை முறை படித்தேனோ தெரியாது. இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

'வணக்கம். அவ்வளவையும் திரும்ப எழுத முடியவில்லை. நான் எட்டாம் வகுப்புப் படிக்கிறேன். பிறந்தவுடன் சேலத்தில் அரசுத் தொட்டிலில் போட்ட பெண் குழந்தை நான். என்னை வளர்க்கும் அப்பா அம்மா இதை என்னிடம் மறைக்கவில்லை. என்னோடு ஒரு மஞ்சள் பை இருந்தது. அதில் கல்யாணப் பெயர்களும் இண்டூர் என்று ஊரும் இருக்கிறது. இந்தப் பெயர் உள்ளவர்களை உங்களுக்குத் தெரியுமா? எனக்குக் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான்.'

அதன் கீழே இரண்டு பெயர்கள். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர். என் சித்தப்பாவின் பெயரும் சித்தியின் பெயரும்.

கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குத் தேங்காய் பழம் போட்டுக் கொடுக்கிற தாம்பூலப் பை. ஊரில் வீட்டுக்கு வீடு அந்தப் பை இருந்தது. எங்கள் வீட்டிலும் புளி கட்டி வைத்திருந்தோம்.

சித்தி நாற்காலியில் அப்படியே இருந்தாள். அவள் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்து நான் தண்ணீர் எடுத்து வந்தேன். குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "யாருகிட்டயும் சொல்லாத. நான் யோசிச்சி பதில் எழுதறேன்" என்றாள். மறுநாளும் எழுதவில்லை. எழுதுவாள், அழிப்பாள்.

நாங்கள் சொல்லாவிட்டால் என்ன, அது ஊர் முழுக்கப் படிக்கிற இடமல்லவா. பெங்களூர் மாமா படித்துவிட்டு என் அப்பாவுக்கு போன் பண்ணியிருக்கிறார். அடுத்த நாள் மத்தியானம் சித்தி சாப்பிட வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அப்பா கடைக்கு வந்தார். அவர் கடைக்கு வருகிறவரே இல்லை. ஜெராக்ஸ் மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"கண்ணு, அதுல என்னமோ எழுதியிருக்காமே. படி."

படித்தேன்.

"இன்னொருக்கா படி."

படித்தேன். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார். வெளியே ஒரு டவுன் பஸ் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

"அழிச்சிடு."

"சித்தி கேட்டா?"

"சித்திக்காவத்தான் சொல்றன். அவ பேருல்ல கெடுது? நீதான் அதுல பெரிய ஆளுன்னு சொன்னாங்க. அழி கண்ணு."

அவர் சொன்னது எனக்கு நியாயமாகப்பட்டது. சித்தியைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். பதிவின் மூலையில் இருந்த சின்ன எக்ஸ் குறியை அழுத்தினேன். நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்றேன். கேள்விக்குறிகளின் பதிவு, சித்தியின் மன்னிப்பு, அந்தப் பெண்ணின் பதில் எல்லாம் ஒரே இழையாக இருந்ததால் எல்லாம் சேர்ந்து போயிற்று. எந்த இடத்திலிருந்து எழுதினாள் என்று காட்டும் எண் ஒன்று அட்மினுக்குத் தெரியும். அதுவும் போயிற்று. அப்பா என் தலையில் கை வைத்தார். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே போனார். கோபத்தில் அப்படிப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தி திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மோடத்தை அணைத்துவிட்டு, ஜெராக்ஸ் கண்ணாடியைத் துணியால் துடைக்கத் தொடங்கினாள். சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பெங்களூர் மாமா அதற்குள் பிரின்ட் எடுத்து வைத்திருந்தார். ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்தது. அழிக்காமல் விட்டிருந்தால் யாருடைய பையோ என்று பேசிவிட்டுப் போயிருப்பார்கள். "உண்மை இல்லன்னா ஏன் அழிச்சாங்க?" என்று ஒருவர் கேட்டார். அது போதுமானதாக இருந்தது. கல்யாணமான புதிதில் சித்தி கடைசி வருடப் படிப்பை முடிக்கச் சேலம் பக்கம் தாய்வீட்டில் பல மாதம் இருந்ததை ஊர் ஞாபகப்படுத்திக்கொண்டது. விரல் விட்டு மாதம் எண்ணினார்கள்.

அந்த ஆவணியில் எங்கள் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. நான் வளையல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சித்தி வரிசையில் வந்து இரண்டு பச்சை வளையலை எடுத்தாள். என் அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம். உன் கை இதுல பட வேணாம்."

"அக்கா..."

"பெத்தத தூக்கிப் போட்டுட்டு வந்தவளுக்கு எப்பிடிடி வயித்துல நிக்கும்? எனக்கு ஒண்ணு பொறந்து ஒரு நா கூட இல்லாம போச்சி. இன்னும் நான் அதுக்கு அழுவறன். நீ உசுரோட இருந்தத எறிஞ்சிட்டு வந்து, பொடவ கட்டிகிட்டு வளையல் போட வர்ற."

எனக்கு மூன்று வயதாக இருந்தபோது பிறந்து இறந்துபோன தங்கச்சிப் பாப்பாவைப் பற்றித்தான் அம்மா சொன்னாள். சேலம் ஆஸ்பத்திரியில் பிரசவம். அம்மா காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோதே குழந்தை போய்விட்டது என்றும், அப்பா அங்கேயே புதைத்துவிட்டு வந்தார் என்றும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சித்தி அம்மாவைப் பார்த்தாள். பிறகு பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த என் அப்பாவைப் பார்த்தாள். அப்பா இலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். சித்தி வளையலைத் தட்டில் வைத்தாள். ஒன்று உருண்டு தரையில் விழுந்து உடைந்தது. அவள் குனிந்து துண்டுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலை அவள் மிதிக்கவில்லை. கடையையும் பாப்பாரப்பட்டிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஃபோரத்துக்கு ஊர்க்காரர்கள் யாரும் வரவில்லை. ஆனால் சித்தி அதை மூடவில்லை. பாப்பாரப்பட்டிக்கு ஏதாவது வேலையாகப் போனால் நான் ஒளிந்து ஒளிந்து கடைக்குப் போவேன். முதல் பக்கத்தின் உச்சியில் ஒரு பதிவை ஆணியடித்த மாதிரி நிறுத்தியிருந்தாள்: 'மஞ்சள் பை பற்றி எழுதியவருக்கு.' உள்ளே என்ன எழுதியிருக்கிறாள் என்று திறந்து படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத ஃபோரத்தில் மாத்திரை விளம்பரமும் கண்றாவி விளம்பரமும் தினமும் நூறு இருநூறு வந்து குவியும். விருந்தினர் எழுதுவதைத் தடுத்துவிட்டால் அது நின்றுவிடும். சித்தி தடுக்க மாட்டாள். காலையில் கடை திறந்ததும் ஒவ்வொன்றாகத் திறந்து, படித்து, பிறகு அழிப்பாள். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்கலாம் என்று நான் சொல்லிக்கொடுத்தேன்.

"நடுவுல அவ எழுதுனது இருந்தா?" என்றாள்.

பக்கத்தின் அடியில், இப்போது யார் இருக்கிறார்கள் என்று ஒரு வரி காட்டும். பெரும்பாலும் 'ஒரு விருந்தினர்' என்றுதான் இருக்கும். அதைப் பார்த்தால் சித்தி பேச்சை நிறுத்திவிடுவாள். "வந்திருக்கா பாரு. எழுத மாட்டேங்கறா" என்பாள். கடையில் மின்விசிறி மட்டும் சுற்றும். பின்னால் நான் இந்தத் துறையிலேயே ஓசூரில் வேலைக்குப் போனபோது, தேடுபொறிகளின் இயந்திரங்கள்தான் அப்படி விருந்தினராக வந்து பக்கங்களை மேய்ந்துவிட்டுப் போகும் என்று தெரிந்துகொண்டேன். சித்தியிடம் அதைச் சொல்லவில்லை.

என் கல்யாணப் பத்திரிகையை நான் மட்டும் தனியாகப் போய்ச் சித்திக்குக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் வாய் வந்தது.

"சித்தி, அதை அழிச்சது நான்தான்."

"தெரியும். அழிக்கிற உரிம நம்ம ரெண்டு பேருக்குத்தான் இருந்துச்சி. நான் அழிக்கல."

அப்பா சொல்லித்தான் அழித்தேன் என்றேன். அதுவும் தெரியும் என்றாள். பிறகு பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு, சேலம் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணையாக இருந்தது அவள்தான் என்று சொன்னாள். பழைய துணி, துண்டு எல்லாம் தன் கல்யாணப் பையில்தான் போட்டு எடுத்துப் போயிருந்தாள். விடியலில் அப்பா, குழந்தை மூச்சு விடவில்லை என்று சொல்லித் துணியோடு பையோடு தூக்கிக்கொண்டு வேகமாகப் போனார். திரும்பி வந்தவரிடம் பை எங்கே என்று கேட்டதற்கு, புதைத்த இடத்திலேயே போட்டுவிட்டேன் என்றார்.

"பதிமூணு வருசம் நானும் நம்பிகிட்டுதான் இருந்தன். அந்தப் புள்ள எழுதுன அன்னிக்குத்தான் தெரிஞ்சிது. ரெண்டாவதும் பொண்ணுன்னு உங்கப்பா பயந்துட்டாரு."

"அப்ப வளைகாப்புல ஏன் சித்தி வாயத் தொறக்கல?"

"உங்கம்மா பால் கட்டிகிட்டு கெடந்தத பார்த்தவ நான். செத்துப்போச்சின்னு ஒரு வழியா அழுது முடிச்சவங்க. உசுரோட இருக்குன்னு சொன்னா, அடுத்தது எங்கன்னுதான் கேப்பாங்க. எங்கன்னு சொல்லுவன்? மொதல்ல அவள கண்டுபிடிச்சிட்டு அப்பறம் சொல்லலாம்னு இருந்தன்."

எங்கே என்பதைத்தான் நான் ஒரு மத்தியானத்தில் அழித்திருந்தேன்.

இடம் கொடுத்த தளத்தை அதன் உரிமையாளர்கள் மூடியபோது ஃபோரமும் போனது. சித்தி ஒரு சி.டி.யில் பதிந்து வைத்திருந்தாள். அது பூஞ்சை பிடித்து எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அப்பா இருக்கும்வரை சொல்லக் கூடாது என்று நினைத்தேன். அவர் போன பிறகு, அம்மாவின் வயதை நினைத்துத் தள்ளிப்போட்டேன். வருடங்கள் ஓடின. மஞ்சள் பையை எங்கே பார்த்தாலும், யார் கையில் இருந்தாலும், பெயரைப் படிக்காமல் என்னால் தாண்ட முடியாது. பஸ்ஸில் என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக எவளாவது அம்மாவின் மூக்கோடு உட்கார்ந்திருந்தால் நிறுத்தம் தாண்டிப் போயிருக்கிறேன்.

போன தை மாதம் அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அம்மா உரிப்பதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகு கேட்டாள்.

"அது எழுதுனத சொல்லு. நீ படிச்சது அப்பிடியே."

சொன்னேன்.

"எட்டாவதுன்னா எழுதியிருந்துச்சி?"

"ஆமாம்மா. எட்டாவது."

"கோவம் இல்லன்னு எழுதுச்சா?"

"ஆமா."

முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "என்னைய பாப்பாரப்பட்டிக்குக் கூட்டிப் போ" என்றாள்.

சித்தி இப்போது கடை வைப்பதில்லை. வீட்டுக் கதவைத் திறந்தவள் அம்மாவைப் பார்த்து அப்படியே நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது. இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்து.

"வாங்கக்கா" என்றாள்.

அம்மாவால் படி ஏற முடியவில்லை. சித்திதான் இறங்கி வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அம்மா அந்தக் கையை விடவே இல்லை. மன்னிப்பு என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. சித்தி எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. நான் சுவரோரமாக நின்றேன்.

வெகுநேரம் கழித்து அம்மா கேட்டாள். "நீ அதுக்கு பதில் எழுதி வெச்சிருந்தியாமே. என்னான்னு எழுதுன?"

"உங்கம்மா உன்ன போடலன்னு எழுதுனன்க்கா. நீ இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா நடந்தே வந்திருப்பாங்கன்னு எழுதுனன்."

அம்மா தலையை ஆட்டினாள்.

"என் பேரு எழுதுனியா?"

"எழுதுனன்க்கா."

"முழுப் பேருமா?"

"முழுப் பேரும்."